பாவித்த கார் வாங்கி மூன்று வாரத்தில் டயரில் வீக்கம்: என்ன செய்யலாம்?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். மூன்று வாரத்துக்கு முன் வெளியூர்க் கார் சேல் ஒன்றில் 2014ஆம் ஆண்டு வேகன் ஆர் ஒன்றை லீசிங்கில் எடுத்திருக்கிறார். வெள்ளாவெளிப் பக்கம் படிப்பிக்கிறார். தினமும் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போய்வரத்தான் கார். காற்றடிக்கப் போன இடத்தில் கடைப் பொடியன் பின் இடது டயரின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது வீங்கியிருக்கு, இதோட தூரம் போகாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். பாதி எலுமிச்சங்காய் அளவு வீக்கம். முன் டயர் இரண்டிலும் வெடிப்புக் கோடுகள் வேறு. விற்றவரிடம் கேட்டால், "டயருக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை, நீங்கள் குழியில் விட்டிருப்பீர்கள்" என்று பதில். விற்கும்போது "நாலும் போன வருடம் போட்ட டயர்" என்று சொன்னவர் அவர்தான். இனி என்ன செய்வது, காசு திரும்பக் கிடைக்குமா என்பது கேள்வி.

கல்லடியில் இருபது வருடத்துக்கு மேல் டயர் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

தங்கச்சி, முதலில் காரை நிறுத்துங்கள். நாளைக்குப் பள்ளிக்கூடம் பஸ்ஸில் போங்கள். காசு விசயம் ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை, வீக்கம் பொறுக்காது. கார் டயரின் பக்கச்சுவர் நீங்கள் நினைப்பதைவிட மெல்லியது. தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் உருக்குக் கம்பிப் பின்னல் இருக்கிறது, அதனால் அது கடினம். பக்கச்சுவரில் இருப்பது பெரும்பாலும் பொலியெஸ்டர் நூல்தான். ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்பு வரை வரிசையாக ஓடும் அந்த நூல்கள்தான் காற்றின் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. சக்கரம் கூரான குழி விளிம்பிலோ, மதகுக் கட்டிலோ வேகமாக மோதும்போது டயர் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசிந்து சில நூல்கள் அறுந்துவிடும். வெளியே றப்பர் கிழியாது, காற்றும் போகாது. ஆனால் நூல் இல்லாத அந்த இடத்தை உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளுகிறது. அதுதான் அந்த எலுமிச்சங்காய். அந்த இடத்தில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது வெறும் றப்பர் மட்டும். வெயிலில் வீதி கொதிக்கும் நேரம், நாலு பேரை ஏற்றிக்கொண்டு வேகம் பிடித்தால் அது எந்தக் கணத்திலும் வெடிக்கலாம்.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்ப்பதைவிடக் கை நம்பகமானது. உள்ளங்கையை டயரின் பக்கச்சுவரில் வைத்து மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் தடவுங்கள். வெளியே புடைத்து வந்தால் அது நூல் அறுந்த வீக்கம். மாறாக, உள்நோக்கி ஒரு விரல் அகலத்தில் சின்னப் பள்ளம் மேலிருந்து கீழாக ஓடினால் பயப்பட வேண்டாம். டயர் செய்யும்போது நூல் விரிப்பின் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து சேர்ந்த இணைப்பு அது. அந்த இடத்தில் நூல் இரட்டிப்பு, அதனால் மற்ற இடத்தைவிடக் குறைவாக விரிகிறது. பள்ளத்தைக் கண்டு பதறி ஓடி வந்தவர்களை நிறையப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் கடைப் பொடியன் சொன்னது புடைப்பு என்பதால் அவன் சொன்னது சரி. அவனுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். உட்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறவன் பத்துப் பேரில் ஒருவன்.

இதை ஒட்டித் தரலாம், உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்துச் சூடு போட்டுத் தரலாம் என்று யாராவது சொல்வார்கள். உழவு இயந்திர டயருக்கு அந்த வேலை நடக்கும். கார் டயரின் பக்கச்சுவருக்குக் கூடாது. கார் டயரில் திருத்தக்கூடியது நடுப்பகுதியில், தரையைத் தொடும் இடத்தில், 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத ஆணி ஓட்டை மட்டும். அதுவும் டயரைக் கழற்றி உட்பக்கத்தில் ஒட்டுப் போட்டால்தான் முழுமை. வீங்கிய டயர் குப்பைக்குப் போக வேண்டியது.

ஆனால் இப்போதே குப்பைக்குப் போடாதீர்கள். எல்லோரும் தவறுகிற இடம் இதுதான். பயத்தில் புது டயர் போட்டுவிட்டுப் பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார்கள். மறுகா விற்றவரிடம் போய் நின்றால் கையில் ஒன்றும் இருக்காது. அந்த டயர் உங்கள் சாட்சி. காரைப் பற்றியும் அதற்குத்தான் நிறையத் தெரியும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். கார் நிற்கும் இடத்திலேயே, ஒன்றையும் கழற்றாமல், போனில் படம் எடுங்கள். முதல் படத்தில் கார் இலக்கத் தகடும் பின் இடது சக்கரமும் ஒன்றாக வர வேண்டும். அடுத்தது வீக்கம், அதைச் சுற்றி வெள்ளைச் சோக்கால் ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் அடிமட்டம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மைலேஜ் காட்டும் மீற்றர். வாங்கிய அன்று எத்தனை கிலோமீற்றர் என்பது உங்களிடம் இருந்தால், மூன்று வாரத்தில் எவ்வளவு ஓடினீர்கள் என்பதும் தெரிந்துவிடும். பிறகு நாலு டயரிலும் பக்கச்சுவரில் உள்ள எழுத்துகள். கார் விளம்பரம் இணையத்தில் இன்னும் இருந்தால் அதையும், வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்திகளையும் இன்றைக்கே படமாகச் சேமியுங்கள். விளம்பரம் நாளைக்கு இருக்காது.

இனி அந்த எழுத்துகளைப் பற்றி. நீங்கள் அனுப்பிய படத்தில் முன் டயர் இரண்டிலும் முட்டை வடிவக் கட்டம் ஒன்றுக்குள் 1416 என்று நாலு இலக்கம் இருக்கிறது. டயர் செய்த திகதி அது. முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. அதாவது 2016ஆம் ஆண்டின் 14ஆம் வாரம், ஏப்ரல் மாதத் தொடக்கம். 2000ஆம் ஆண்டில் இருந்து செய்த டயர்களில் இந்த நாலு இலக்க முறைதான். பெரும்பாலும் இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் காருக்கு அடியில் குனிந்து உட்பக்கம் பார்க்க வேண்டும். திகதி உள்ள பக்கத்தை வேண்டுமென்றே உள்ளே திருப்பி மாட்டியிருப்பதையும் கண்டிருக்கிறேன்.

பின் இடது, வீங்கிய டயர், 3719. பின் வலது வேறு நிறுவனத்தின் டயர், அதன் படம் தெளிவில்லை, திரும்ப எடுங்கள். சரி, "நாலும் போன வருடம் போட்டது" என்ற பேச்சு இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. "போட்டது போன வருடம், டயர் கடையில் கிடந்தது" என்று அவர் சமாளிக்கலாம். வெயில் படாமல் அடுக்கி வைத்த டயர் ஓரிரு வருடம் பழையதாக இருப்பது வழமைதான். 2016இல் செய்த டயருக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

டயர் ஓடாவிட்டாலும் முதுமை அடையும். றப்பரில் மெழுகும் வேறு பாதுகாப்புச் சேர்மானங்களும் கலந்திருக்கிறார்கள். சக்கரம் உருண்டு வளையும்போது அவை மேற்பரப்புக்கு வந்து வெயிலில் இருந்தும் ஓசோனில் இருந்தும் காக்கின்றன. ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும் காரில் அது நடக்காது. விற்பனை முற்றத்தில் மாதக்கணக்காக நின்ற கார், அதுவும் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும் நம் பக்கத்து வெயிலில், டயர் காய்ந்து மயிரிழைக் கோடுகளாக வெடிக்கத் தொடங்கும். அதன்மேல் பளபளவென்று டயர் பொலிஷ் பூசிவிட்டால் வாங்க வருகிறவர் கண்ணுக்குப் புதிதுபோல் தெரியும். ஈரத்துணியைச் சவர்க்காரத்தில் நனைத்து ஒரு முறை அழுத்தித் துடையுங்கள், கோடுகள் வெளியே வரும். உங்களுக்கு வந்ததும் இதுவாகத்தான் இருக்கும். மூன்று வாரத்தில் பூச்சுக் கழுவுப்பட்டதும் கோடு தெரிந்திருக்கிறது. ஐந்து வருடம் கடந்த டயரை வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்வதும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்பதும் பெரிய டயர் நிறுவனங்களே சொல்லும் கணக்கு. நான் நம் வெயிலுக்கு அவ்வளவு தூரமும் போக மாட்டேன்.

அடுத்தது கழற்றிப் பார்ப்பது. வீல் பேலன்ஸ் இயந்திரம் உள்ள ஒரு கடைக்குப் போங்கள். காரை ஓட்டிக்கொண்டு போகாமல், சக்கரத்தை மட்டும் கழற்றி முச்சக்கர வண்டியில் போட்டுக் கொண்டுபோனால் நல்லது. கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரிம்மில் இருந்து டயர் வந்ததும் உட்புறத்தில் வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீக்கத்துக்கு நேர் உட்பக்கத்தில் ஒரு கோடு, சிராய்ப்பு, ஒட்டு ஏதும் இருக்கிறதா? கறுப்புத் தூள் கொட்டுகிறதா? காற்றுக் குறைந்த நிலையில் நீண்ட தூரம் ஓடிய டயரின் பக்கச்சுவர் உள்ளே தேய்ந்து தூளாகும், மிளகுத்தூள் தூவிய மாதிரிக் கையில் ஒட்டும். ரிம்மின் விளிம்பு அந்த இடத்தில் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது புரியும். 2011இல் நான் ஒரு பாவித்த வேன் வாங்கினேன். டயர்க்காரனான நானே நாலு டயரையும் வெளியே மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டேன். செங்கலடி–பதுளை வீதியில் கரடியனாறு தாண்டிப் போகும்போது பின் டயர் வெடித்தது. வேனில் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் மண் ஓரத்தில் நின்றது, எதிரே வாகனம் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் டியூப்லெஸ் டயருக்குள் டியூப். பக்கச்சுவரில் இரண்டு அங்குல வெட்டு, அதைப் பசையால் ஒட்டி வெளியே கறுப்புப் பூசியிருந்தார்கள். காற்று நிற்க வேண்டும் என்பதற்காக உள்ளே டியூப் போட்டிருந்தார்கள். வால்வைப் பார்த்தாலே கண்டுபிடித்திருக்கலாம். டியூப்லெஸ் ரிம்மில் சாதாரணமாக வால்வின் அடியில் தடித்த றப்பர் ரிம் ஓட்டையை இறுக்கி அடைத்து நிற்கும். டியூப் வால்வு என்றால் ஓட்டைக்குள் ஒல்லியாக ஆடும், அல்லது ஒரு நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அன்றைக்குப் பிறகு என் கடைக்கு வந்த எந்தப் பாவித்த வாகனத்தையும் வால்வைப் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் நான் விட்டதில்லை. உங்கள் காரின் நாலு வால்வையும் இப்போதே ஆட்டிப் பாருங்கள்.

விற்றவர் சொன்ன "நீங்கள் குழியில் விட்டிருப்பீர்கள்" என்பதற்கு வருவோம். நேர்மையாகச் சொன்னால், வீக்கம் மட்டும் இருந்தால் அவர் வாயை அடைக்க முடியாது. மோதி அன்றைக்கே வீங்கும் டயரும் உண்டு, சில கிழமை கழித்து வீங்குவதும் உண்டு. வெள்ளம் வற்றிய பிறகு நீங்கள் ஓடும் படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) வீதிகள் எப்படி இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ரிம்மில் உள்ள நெளிவு துருப்பிடித்திருக்கிறது, ஆகவே பழையது என்று வாதாடலாம் என்றால், நம் கரையோர உப்புக் காற்றில் இரும்பு சில நாளிலேயே துரு ஏறிவிடும். அதனால் வீக்கத்தை முதல் வாதமாக வைக்காதீர்கள். மூன்று வாரத்தில் மாற முடியாதவற்றை முன்னால் வையுங்கள்: செய்த திகதி, ஒரே அச்சில் இரண்டு வேறு நிறுவன டயர், உள்ளே பழைய ஒட்டு அல்லது டியூப் இருந்தால் அது, பொலிஷுக்கு அடியில் இருந்த வெடிப்பு. "போன வருடம் போட்ட நாலு டயர்" என்ற அவருடைய சொல்லுக்கு நேர் எதிராக நிற்பவை இவைதான். வீக்கம் இவற்றின் பின்னால் வரட்டும்.

கழற்றிய கடைக்காரரிடம் ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். கடையின் பில்லிலேயே போதும்: கார் இலக்கம், எந்தச் சக்கரம், திகதி இலக்கம், என்ன கண்டார், பாவிக்கத் தகுந்ததா, திகதி, கையொப்பம். அதோடு உங்கள் காரின் அளவுக்கு இரண்டு கடையில் விலைக் கேள்வி எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் டயர் தேய்ந்திருக்கும் விதத்தையும் பாருங்கள். தரையைத் தொடும் பகுதியின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் நெடுநாள் காற்றுக் குறைவாக ஓடியது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் மொட்டையாகி வெளிப்பக்கம் அழகாக இருந்தால் எலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், பிழை, அல்லது அடி வாங்கி ஏதோ வளைந்திருக்கிறது. விரலை ஒரு பக்கம் ஓட்டினால் வழுக்கியும் மறுபக்கம் ஓட்டினால் வாள் பல்போல் உரசியும் இருந்தால் முன் சக்கரங்கள் நேராக நிற்கவில்லை. அலை அலையாகக் குழி விழுந்திருந்தால் சொக் அப்சோபர் போய்விட்டது. உங்களுடைய முன் வலது டயரின் உள் ஓரம் படத்தில் தேய்ந்த மாதிரித் தெரிகிறது. புது டயர் போடுமுன் எலைன்மென்ட் செய்து அந்த அறிக்கையின் அச்சுப் பிரதியை வாங்குங்கள். சரிக்கட்டவே முடியாத அளவு கோணம் விலகியிருந்தால் ஒரு நல்ல கராஜில் காரைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். அடிபட்டு நிமிர்த்திய கார் என்று தெரிய வந்தால் பேச்சு டயர்ப் பேச்சாக இருக்காது. அதற்காகவும்தான் டயரை வீசாதீர்கள் என்றேன்.

இனி விற்றவரிடம் போவது. தனியாகப் போகாமல் வீட்டில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் போங்கள். நம் பக்கத்தில் கார் சேல் நடத்துகிறவர்கள் ஊர்ப் பெயரில்தான் வியாபாரம் செய்கிறார்கள். நிதானமாக, படத்தையும் பில்லையும் மேசையில் வைத்துப் பேசினால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். "காரைத் திருப்பி எடுங்கள்" என்று தொடங்காதீர்கள். லீசிங் போட்ட காரைத் திருப்புவது பெரிய தலையிடி, டயருக்காக அது நடக்காது. கேட்க வேண்டியது தெளிவான ஒன்று: நாலு டயரின் விலையும் எலைன்மென்ட் செலவும். அவர் நாலையும் தர மறுத்தால், வீங்கிய டயரும் 2016 டயர் இரண்டும் சேர்ந்து மூன்று என்பதில் நில்லுங்கள். தன் கடையில் கிடக்கும் பாவித்த டயரை மாட்டித் தருகிறேன் என்றால் ஏற்காதீர்கள். அதன் வரலாறும் உங்களுக்குத் தெரியாது.

அவர் ஒத்துவராவிட்டால் கடிதம். திகதி, கார் இலக்கம், கொடுத்த தொகை, அவர் சொன்னது, கண்டது, கேட்பது, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்பது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள்.

இந்த இடத்தில் உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? நம் நாட்டில் பல கார் சேல்களில் கார் அவர்கள் பெயருக்கு மாறுவதே இல்லை. பழைய உரிமையாளர் கையொப்பமிட்ட எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற உரிமை மாற்றப் படிவங்களை வைத்துக்கொண்டு நேராக வாங்குகிறவருக்கு மாற்றுவார்கள். ஓப்பன் பேப்பர் என்பது இதுதான். பிரச்சினை வந்ததும் "நான் இடைத்தரகர், கார் அந்த ஆளுடையது" என்பார்கள். உங்கள் பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போயிருந்தால், அல்லது அவருடைய கடைத் தலைப்புள்ள தாளில் பற்றுச்சீட்டு இருந்தால், அவரே விற்பனையாளர் என்று காட்டுவது எளிது. விளம்பரம் அவர் பெயரில், அவர் போன் இலக்கத்தில் இருப்பதும் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் வியாபாரி ஒருவர் பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும், ஆளை ஏமாற்றும் விதமாக நடப்பதும் தடுக்கப்பட்டிருக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளில் இருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது, இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் "பார்ப்போம், அடுத்த கிழமை வாங்கோ" என்று விற்றவர் இழுப்பது சில வேளை இந்தக் காலக்கெடுவை நினைத்துத்தான். கலண்டரில் குறித்து வையுங்கள். விசாரித்துப் பணத்தைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றித் தரவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. மாவட்ட அலுவலகத்தை விசாரிக்க மட்டக்களப்புக் கச்சேரிக்குப் போங்கள், அல்லது 1977 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள்.

இன்னொன்று, 1896ஆம் ஆண்டில் இருந்து இருக்கிற பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கும். ஆனால் வாங்குகிறவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விற்றவர் இதைப் பிடித்துக்கொள்வார்: "ஓடிப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்". பொலிஷ் மறைத்த வெடிப்பையும், உட்பக்கச் சுவரின் வீக்கத்தையும், டயருக்குள் இருக்கும் ஒட்டையும் ஒரு ஆசிரியை பத்து நிமிடம் ஓடிப் பார்த்ததில் கண்டிருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. திகதி இலக்கத்தை அப்படிச் சொல்லலாம். ஆனால் அங்கே அவர் வாயால் சொன்ன பொய் நிற்கிறது. வாங்கும்போது "உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஏதாவது தாளில் கையெழுத்து வைத்தீர்களா என்று பாருங்கள். வைத்திருந்தாலும் அதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணாமல் அந்தத் தாளோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

நீதிமன்றம் வரை போகும் என்று நான் நினைக்கவில்லை. இவ்வளவு தொகைக்கு வழக்கென்றால் முதலில் மத்தியஸ்த சபைதான். ஊரில் இன்னும் இணக்க சபை என்றுதான் சொல்வார்கள். அங்கே செலவும் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. மேசையில் டயரையே வைத்துப் பேசலாம்.

லீசிங் கம்பனியையும் ஒருமுறை கேளுங்கள். கடன் கொடுக்குமுன் காரை மதிப்பீட்டாளர் ஒருவர் பார்த்து அறிக்கை கொடுத்திருப்பார். பல அறிக்கைகளில் டயர் நிலை பற்றி ஒரு வரியும், காரின் படங்களும் இருக்கும். வாங்கிய நாளுக்கு முந்திய நிலையை மூன்றாம் ஆள் ஒருவர் எழுதிய தாள் அது. அதன் பிரதி கிடைத்தால் உங்கள் கோப்பில் அதைவிடப் பெறுமதியான தாள் வேறில்லை. காப்புறுதியில் டயருக்குக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முழுக் காப்புறுதியிலும் பொதுவாக டயர் மட்டும் சேதமானால் கிடைக்காது, காருக்கும் சேர்த்து அடிபட்டிருக்க வேண்டும். அதில் நேரம் செலவிடாதீர்கள்.

புது டயர் வாங்கும்போது சில விசயம். உங்கள் காருக்கு 155/65ஆர்14 75எஸ் என்று போட்டிருக்கும். 75 என்பது ஒரு டயர் 387 கிலோ தாங்கும் என்ற குறியீடு, எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர். அளவு பொருந்துகிறது என்று 75க்குக் குறைந்த இலக்கம் உள்ளதை வாங்காதீர்கள். தேய்ந்த டயரில் புது றப்பர் ஒட்டிய ரீபில்ட் டயர் காருக்கு வேண்டாம். இரண்டு மட்டும்தான் இப்போது முடியும் என்றால் ஒரே அச்சில் சோடியாகப் போடுங்கள், அதுவும் பின்னால். முன்சக்கர இழுவைக் கார் என்பதால் புதியதை முன்னால் போடத்தான் மனம் சொல்லும். ஆனால் மார்கழி மழையில் பின் சக்கரம் வழுக்கினால் கார் கிறுகிவிடும், அதைத் திருப்பிப் பிடிப்பது கடினம். முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். வாங்கும் டயரின் திகதி இலக்கத்தைக் கடையிலேயே படித்து, பில்லில் எழுதச் சொல்லுங்கள். காற்றளவு சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஜப்பான் காரில் அது கிலோபஸ்கலில் இருக்கும். 220 என்றால் 32 பவுண்ட், 240 என்றால் 35. கடையில் எல்லாக் காருக்கும் ஒரே அளவு அடிப்பார்கள், நீங்கள் சொல்லி அடியுங்கள்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்ட கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் உங்களுடையதைப்போல வேறு வேறு டயரோடு நிற்கும் கார் இப்போது நம் பக்கம் ஏராளம். அடுத்து வாங்கப்போகிற உறவினர் யாராவது இருந்தால், காசு கொடுக்குமுன் ஒரு டயர் கடைக்குக் காரைக் கொண்டுபோய் நாலு சக்கரத்தையும் தூக்கி உட்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

கடைசியாக, பின் டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இந்த வகைக் கார்களில் பலவற்றில் ஸ்பெயார் டயர் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சின்னக் காற்றுப் பம்பும், ஓட்டையை அடைக்கும் திரவப் போத்தலும் இருக்கும். போத்தலில் காலாவதித் திகதி அடித்திருப்பார்கள், 2014 கார் என்றால் எப்போதோ முடிந்திருக்கும். அது புதிதாக இருந்தாலும் பக்கச்சுவர் வெடித்தால் உதவாது. வெள்ளாவெளிப் பக்கம் பின்னேரம் தனியாகத் திரும்புகிறவர் நீங்கள். டயர்ப் பிரச்சினை முடிந்ததும் அதே அளவில் ரிம்மோடு ஒரு ஸ்பெயார் தேடி வையுங்கள். டயரைக் கழற்றியதும் உட்பக்கப் படத்தையும், பின் வலது டயரின் திகதி இலக்கத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.